மூன்று மடங்கு

கண்ணாடி மேசையில் பச்சைத் துணி விரித்து
ஐந்து ஸ்கோப்புகளை வரிசையாக வைத்தான் டுவெய்ன்,
நகைக்கடைக்காரன் போல.
கடைசியைத் தொட்டு, "இருபத்தைந்து மடங்கு," என்றான்.
"ஆயிரம் கெஜத்தில் ஈயின் இறக்கை தெரியும்."

எனக்கு ஈயைச் சுட வேண்டியதில்லை, டுவெய்ன்.
சேஜ் புதருக்கும் சேஜ் புதருக்கும் நடுவே
எண்பது கெஜத்தில் புகை மாதிரி வருகிற ஒன்று.
அது நிற்காது.
நின்றாலும் ஒரு தும்மல் நேரம்.

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்:
பதினொரு ஆட்டுக்குட்டிகள்.
இந்த மார்ச்சில் கொயோட்டி கொண்டுபோனது ஒன்பது.

ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப் போனேன்.
வயோமிங்கில் நான்கரைக்கே இருட்டத் தொடங்கும் மாதம்.
நடுப்பகலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்.
தானியக் கிடங்கின் நிழல் பக்கம்
துருப்பிடித்த எழுத்துகள் இருக்கின்றன.
கடைசி எழுத்து எதில் கடைசியாக மறைகிறது
என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.
டுவெய்ன் கதவைச் சாத்தச் சொன்னான், குளிர் வருகிறதாம்.

முகப்புக் கண்ணாடி பெரிசானால்
குழாயை உயரத் தூக்கிப் பொருத்த வேண்டும்.
கன்னம் கட்டையில் படியாது,
கோழி மாதிரி கழுத்தை நீட்டித் தேட வேண்டும்.
இதையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

சொல்லாதது ஒன்று.

போன வருடம் வளையம் பதினான்கில் இருந்தது.
முந்தின நாள் மலைச்சரிவைப் பார்த்துவிட்டு
திருப்பிவைக்க மறந்திருந்தேன்.
விடியவில்லை. வட்டம் முழுக்க ரோமம்,
சாம்பலும் பழுப்பும், காற்றில் பிரிந்து பிரிந்து மூடியது.
குறுக்கு இழை தோளுக்குப் பின்னால் அழகாக நின்றது.
அவ்வளவு தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை.
கழுத்துப்பட்டை
வட்டத்துக்கு வெளியே இருந்தது.

ஓர்வில் டெட்மரின் நாய். டாலி.
என் கோட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.
கதவைத் திறந்தார். பார்த்தார்.
"காபி குடிக்கிறாயா, கிராசியானா," என்றார்.
குடித்தேன்.

"சரி, தாங்குகால்?" டுவெய்ன் விடுவதாக இல்லை.
குழலடியில் மடங்கும் இருகால் ஒன்று காட்டினான்.
அதை வைத்துப் படுத்தால்
சேஜ் செடியின் வேர் நன்றாகத் தெரியும்.
பிறகு கார்பன் முக்காலி, பந்து மூட்டோடு,
இடமும் வலமும் எண்ணெய் விட்டதுபோல் திரும்பியது.
ஆசையாகத்தான் இருந்தது.
ஒரு காலை நீட்டிப் பார்த்தேன்: டிக்.
இந்த டிக் போதும்,
பக்கத்து மாவட்டக் கொயோட்டியும் எழுந்து போய்விடும்.

வீட்டில் இருக்கின்றன
தம்பி பெஞாத்தின் பனிச்சறுக்குக் கோல்கள் இரண்டு.
முழங்கால் உடைந்தபின் அவன் தொடவில்லை.
சைக்கிள் டியூப்பை வெட்டிக் கழுத்தில் சுற்றினேன்.
உட்கார்ந்தால் என் கண்ணுக்குச் சரியான உயரம்.
சத்தமே போடாது.

வாங்கியது இருப்பதில் சின்னது: மூன்றிலிருந்து ஒன்பது.
மூன்றுக்கு நேரே சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி,
இருட்டில் விரலுக்குத் தட்டுப்படும்படி
மூன்று தடவை பூசினேன்.

செவ்வாய்க்கிழமை. முயல் அலறும் விசிலை
இரண்டே முறை ஊதினேன்.
வந்தது, காற்றுக்குக் கீழ்ப்பக்கம் சுற்றி,
அதற்குத் தெரியாத சாமர்த்தியமா.
மூன்று மடங்கில் அது சின்னதுதான்,
ஆனால் அதோடு வேலி இருந்தது,
பனி ஒட்டிய பள்ளம் இருந்தது,
அதற்கு நேர் பின்னால் ஓர்வில் சாலையில்
விளக்கெரிய வந்துகொண்டிருந்தது அவர் பிக்கப்.
பின்தட்டில் எதுவோ, குட்டியாக,
காதுகள் காற்றில்.

விரலை எடுத்தேன்.
வண்டி மெதுவாகத்தான் போகும், அவருக்கு எழுபத்தாறு வயது.
கொயோட்டி ஒருமுறை அங்கே பார்த்தது,
ஒருமுறை என் கோல்களைப் பார்த்தது.
பிறகு அந்த இடத்தில் சேஜ் மட்டும்.

புதன்கிழமை எண்ணினேன். பத்து.
இன்னும் ஒன்று போனால்
டுவெய்னின் இருபத்தைந்து மடங்கை
வாங்கியிருக்கலாம்.