ரெண்டாவது செட்

முப்பத்தொன்பது பேச்சு.
முப்பத்தாறில் முதல் வரி ஒன்றேதான்:
உணவே மருந்து, மருந்தே உணவு.
மிச்ச மூன்றிலும் அதேதான்,
மருந்துக்கு ரெண்டு சுழி ன.

அம்மாபேட்டை, எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
ஜன்னலுக்கு வெளியே விசைத்தறி
டடக் டடக் என்று
நான் சொல்வதையெல்லாம் மறுத்துக்கொண்டிருந்தது.

பலகையில் எழுதினேன்:
யாரிடம்? ஏன்? ஆதாரம்? என்ன செய்யச் சொல்கிறாய்?
"கீரை நல்லதென்று கீரைக்குத் தெரியும்.
தட்டின் ஓரத்தில் அதை ஒதுக்குகிறவனிடம் பேசு.
அவனுக்கு என்ன பிடிக்குமென்று தெரியாமல்
வாயைத் திறக்காதே."
இர்ஃபான் எழுந்தான்.
"மிஸ், அவனுக்குப் பிரியாணி பிடிக்கும்னா?"
"அப்ப பிரியாணியிலிருந்து ஆரம்பி."
முதல்முறையாக எல்லோரும் நோட்டைத் திறந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னேன்.
பி.எட். பாடத்தில் கிடையாது,
எங்கிருந்து வந்ததோ:
"நீ சொல்வதை ஊரே கேட்டுவிட்டால்
உனக்கு என்ன நஷ்டம்?
ஒன்றுமில்லை என்றால்
அது பேச்சில்லை, சுவரொட்டி."

வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட்.
ஆளுக்கு மூன்று நிமிடம். நடுவர் நான்.
தினகர் பீட்சாவைக் கிழித்தெறிந்தான்.
அவன் பீட்சாவைப் பார்த்ததே இல்லையென்று
பின் பெஞ்சு அறிவித்தது.
நிவேதினி, அப்பா வேலை பார்க்கும் ஜவ்வரிசி ஆலையை
விட்டுக்கொடுக்காமலே
ராகிக்கு ஓட்டுக் கேட்டாள்.

பிறகு சௌடேஸ்வரி.
தாளில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"எனக்கு ஒருத்தரத் தெரியும்.
வியாழக்கிழமை ஆறு மணிக்கு எங்க வண்டிக்கு வருவாங்க.
லைட்டு படாத பக்கமா நிப்பாங்க.
தட்டுவடை செட்டு ரெண்டு.
அப்புறம் நொறுக்கல், காரம் தூக்கலா.
கேரட்டு, பீட்ரூட்டு சீவுறது நான்தான்.
அவங்களுக்குன்னு ஒரு பிடி சேர்த்து வைப்பேன்,
அது அவங்களுக்குத் தெரியாது.
சில்லறைக்குப் பையத் திறந்தா
மாத்திரை அட்டை தெரியும்.
எங்கப்பாகிட்டயும் அதே அட்டைதான் இருந்துச்சு.
இப்ப அவரு கால்ல ஒரு விரல் இல்ல.
இவங்க நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்க.
அதனால கேக்கறேன்.
நொறுக்கல் வேணாம். செட்டு ஒண்ணு போதும்.
எங்கம்மாவுக்கு வாரம் அறுபது ரூபா குறையும்.
பரவால்ல. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

நன்றி வணக்கம் சொல்லவில்லை.
போய் உட்கார்ந்தாள்.

பலகையில் நான்கு கேள்வியும் அழியாமல் இருந்தன.
என் கைப்பை மேசைமேல், ஜிப் பாதி திறந்து.
தறி மட்டும் ஓடியது.
வேறு யாருக்காவது புரிந்ததா என்று
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
மதிப்பெண் பட்டியலில், அவள் கட்டத்தில்,
பேனா நின்ற இடத்தில்
ஒரு நீலப் பொட்டு ஊறிப் பெரிதானது.
இருபதுக்குப் பதினெட்டு.
குறைத்த இரண்டுக்குக் காரணம் எழுத வேண்டுமே,
'அவையடக்கம் இல்லை' என்று எழுதினேன்.
அடித்தேன்.

வியாழன் வந்தது.
வீட்டுக்கு வேறு தெரு வழியாகவும் போகலாம்.
அந்தத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினேன்.

லைட்டுக்கு நேர் கீழே நின்று
"ஒண்ணு" என்றேன்.
வழக்கம்போல எடுத்துவிட்ட ரெண்டாவது தட்டை
அவள் அம்மா கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்,
பிறகு அடுக்கில் திருப்பி வைத்தார்.
"உடம்புக்கு முடியலையா டீச்சர்?"

வண்டிக்குப் பின்னால் சீவுகிற சத்தம்
நின்றது.
மறுபடி தொடங்கியது.

நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
மீதியை எண்ணித் தந்தது சௌடேஸ்வரி.
விரலெல்லாம் பீட்ரூட் சிவப்பு.
எண்பது.
சரியாக எண்பது.