எழுதாத இடம்

மறைமாவட்டத்திலிருந்து வந்த படிவத்தில்
'கண்டது' என்று ஒரு கட்டம்.
தீப்பெட்டி அளவு.
பெல்ஜியத்தில் நான்கு வருடம்
'தோன்றுதல்' என்ற ஒரே சொல்லோடு குடித்தனம் நடத்திய நான்
பாம்பன் சின்னப்பாலத்தில்
பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரே சவேரியாயி.
சேலை இன்னும் சொட்டுகிறது.
விரல்களில் சுற்றிய துணிக்கீற்றை அவிழ்க்கவில்லை.
குருசடைத் தீவுக்கு இப்பால், ஆள் ஆழத்தில்,
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்க முங்கியவள்.

மாதாவா?
"தெரியாது சாமி."
ஆண்டவரா?
"பேரு சொல்லிக்கிட்டு வரல."
என்ன நிறம்?
கொஞ்சம் யோசித்தாள்.
"கண்ணாடிக்குள்ள தண்ணி ஏறிருச்சு.
கண்ணு எரிஞ்சுது, மூடிக்கிட்டேன்.
மூடினப்பறம்தான் சாமி."

அளவுக்கு மேல் வருவது
இருட்டாகத்தான் வந்து சேரும் என்று
என் ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
நானே எழுதியிருக்கிறேன், அடிக்குறிப்போடு.
கண் எரியும் என்று எழுதவில்லை.

கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.
சாட்சி.
பாசி வியாபாரி சீனி முகம்மது நோட்டைப் புரட்டினார்.
மற்ற பெண்களுக்கு எட்டு கிலோ, பதினொன்று, ஒன்பதரை.
அவள் பெயருக்கு நேரே
பூஜ்யம்கூட இல்லை.
"வெறும் சாக்கோட வரிசையில நின்னுச்சு ஃபாதர்.
தராசுல வச்சுச்சு.
முள்ளு அசையல.
எறக்கவும் மனசில்லாம நிக்கிது.
நான் என்னன்னு எழுத?"

எனக்கும் அதே சிக்கல்தான் பாய்.

எம்மாவு ஊரில் அப்பத்தைப் பிட்டவர்
அடையாளம் தெரிந்த நொடியில் மறைந்துபோனார்.
அதற்குப்பின் அந்த மேசையில்
பிட்ட அப்பம் என்ன ஆனது?
தின்றார்களா, திரும்பி எருசலேமுக்கு ஓடும் அவசரத்தில்
ஈ மொய்க்க விட்டுப் போனார்களா?
எழுதி வைத்தவர் அதைச் சொல்லவில்லை.

கடைசியில் கைநாட்டு.
துணிக்கீற்றை அவிழ்த்தாள்.
இருபது வருடமாய்ப் பாறை தேய்த்த கட்டைவிரல்.
ரேகை இல்லை.
ரேஷன் கடை மெஷினுக்கு அவள் சவேரியாயி இல்லை.
மையில் ஒற்றி, தாளைக் கொஞ்சநேரம் பார்த்து,
அழுத்தினாள்.
ஒரு கோடும் இல்லாத நீல வட்டம்,
'கண்டது' கட்டத்துக்குள்.

"எழுதாத எடமாப் பாத்து வச்சேன்.
தப்பா சாமி?"

வேறு படிவம் இழுப்பறையில் இருக்கிறது.
நாளைக்கு ஆறரைக்கே வத்தம் என்று
அவள் எழுந்து போய்விட்டாள்.
கச்சான் காற்று தாளைத் தூக்கப் பார்க்கிறது,
முழங்கையால் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
மை காயவே இல்லை.
உப்பு.