கச்சான் எழும்பும் முன்

பிச்சைக்கனி,
நீ ஏர் ரைபிள் வாங்கிய சேதி
உப்பு லாரியோடு சேர்ந்து
என் எடைமேடைக்கு வந்தது.
வேட்டைக்காரன் என்று சொல்லித் திரியாதே.
கருவேலங்காட்டுப் பன்றிக்கும் உனக்கும் நடுவில்
வனத்துறை நிற்கிறது.
நமக்குக் காகிதம்தான் காடு.

வாலிநோக்கத்தில் பழைய பாத்திக்கு வடக்கே
ஆள் உயரத்துக்கு மண்கரை உண்டு.
அதன் முன்னால் அட்டையைக் கட்டு.
தெற்கே பார்த்துச் சுடலாமே,
பின்னால் வெறும் கடல்தானே என்பாய்.
கடலில் ஆள் இருக்கிறான்.

இருபத்தைந்து மீட்டர்.
கயிற்றால் அள; வெயிலில் கால் பொய் சொல்லும்.
விடியுமுன் போய்ச் சேர்.
கச்சான் எழும்பிவிட்டால்
அந்த ஈயப் பொடியன் எந்த வீட்டில் இறங்குவான் என்று
அவனுக்கே தெரியாது.

செங்கல்மேல் வைத்தால் துள்ளும்.
பழைய வலையைச் சுருட்டி அதன்மேல் வை.
இறுக்காதே. ஸ்பிரிங் உதைக்கிறபடி உதைக்கட்டும்,
ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைத்தால் போதும்.
மூன்று சுடு, நடந்துபோய்ப் பார்,
பிறகு திருகு.
குண்டுக்கொரு திருகு திருகினால்
பொழுது சாயும்வரை உன் பின்னால் நீயே ஓடுவாய்.

நான் ஓடினேன்.
போன ஆனியில் எல்லாம் இரண்டு விரல் வலப்பக்கம்.
இருபது கிளிக் இடப்பக்கம் கொண்டுவந்தேன்.
அடுத்த மூன்றும் மூன்று ஊருக்குப் போயின:
ஒன்று ஏர்வாடி, ஒன்று மாரியூர்,
ஒன்று அட்டையிலேயே இல்லை.
காற்றைத் திட்டினேன். விற்றவனைத் திட்டினேன்.
மூச்சை எண்ணி எண்ணி விட்டேன்.
மூன்றாம் நாள் துடைக்கும்போது
ஸ்கோப்பைப் பிடித்திருந்த திருகாணி
விரலோடு கழன்று வந்தது,
பல்லெல்லாம் துரு.

அதனால் முதலில் திருகாணி,
அப்புறம் காற்று, கடைசியில் நீ.
வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்துவிடு;
உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.
தேங்காயெண்ணெய் தலைக்கு மட்டும்.

புதுத் திருகாணி போட்ட காலையில்
மூன்றும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன.
நாலாவதைப் போட்டு, விரலை வெளியே வைத்து,
மூச்சு அடங்கக் காத்திருந்தேன்.
கண்ணாடி முழுக்கக் கறுப்பு மயிர்.
செய்யதம்மாள் வீட்டு ஆடு,
கரையைச் சுற்றி வந்து
என் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது,
குண்டூசியை மட்டும் ஒதுக்கிவிட்டு.
குழலை மண்ணுக்குத் திருப்பிக்கொண்டேன்.
கத்தினேன். அது மென்றது.

நீ நம்பமாட்டாய்.
நோட்டில் எழுதியிருக்கிறேன்:
வியாழன், காற்று இல்லை,
மூன்றும் ஒன்றாக, சாட்சி ஆடு.

வரும்போது இரண்டு அட்டையாகக் கொண்டு வா.