மஞ்சள் புள்ளி

கேள்வி ஏழு:
வீட்டிலிருந்து வேலை செய்யும்போது
உங்களைச் சுறுசுறுப்பாக வைத்திருப்பது எது?
இருநூறு எழுத்துக்குக் குறையாமல் எழுதணுமாம்.

என் வீடு திருவொற்றியூரில், இரண்டாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே
கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் போகும் சாலை.
நாற்பதடிப் பெட்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறினால்
அடுக்களையில் டம்ளர்கள் பேசிக்கொள்ளும்.
மேஜைமேல் மவுஸ் தானாகவே
ஒரு நூல் நகரும்.

அந்த ஒரு நூல் போதும்.
ஆபீஸ் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில்
பச்சைப் புள்ளி எரியும்.

எனக்கே இது தெரிந்தது போன ஆடியில்தான்.
தண்ணி லாரி வந்துடுச்சு என்று
நாலு குடத்தோடு ஓடிப்போய்
கஸ்தூரியக்காவோடு வரிசைக்குச் சண்டை போட்டு
ஈர நைட்டியோடு மேலே வந்தால்
முக்கால் மணி நேரம் போயிருந்தது.
புள்ளி பச்சை.
‘சூப்பர் டெல்பின், இப்படியே போங்க’ என்று
வைத்தீஸ்வரன் சார்
கட்டைவிரல் அனுப்பியிருந்தார்.

ராத்திரி பத்தரைக்கு மேல்
துறைமுக வாசலில் ஏதாவது தகராறு வரும்.
எண்ணூர் வரைக்கும் வண்டிகள் அப்படியே நிற்கும்.
டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு
சக்கரத்தோரம் ஸ்டவ் பற்றவைப்பார்கள்.
மணலிப் பக்கத்து வாடையை
அவர்கள் வதக்கும் வெங்காயம்
கொஞ்ச நேரம் அமுக்கிவைக்கும்.
டம்ளர்கள் வாயடைத்துப் போகும்.

அப்போதுதான் எனக்கு வேலை ஓடும்.

எங்கோ ஒரு தேசத்து மனுஷன்,
வயது எழுபத்தொன்று, சர்க்கரை,
கால்விரல் இரண்டை எடுத்திருக்கிறார்கள்.
மூன்றாம் பக்கத்தில் இடது கால்.
பத்தொன்பதாம் பக்கத்தில் வலது.
நான் ஒரு குறியீடு தப்பாகப் போட்டால்
காப்பீட்டுப் பணம் திரும்பிப் போகும்,
அவர் கையில் பில் இருக்கும்.
கையை மடியில் வைத்துக்கொண்டு
முதலிலிருந்து படிக்கிறேன்.
நர்ஸ் எழுதிய குறிப்பு, செருப்பு அளவு,
மகள் போனில் கேட்ட கேள்வி வரைக்கும்.
இடதுதான்.
யாரோ அசதியில் மாற்றி அடித்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தால் புள்ளி மஞ்சள்.
‘டெல்பின், இருக்கீங்களா?’

இருக்கேன் சார்.
இவ்வளவு நேரமும் இருந்தது
அப்போது மட்டும்தான் சார்.

மாதக் கடைசியில் வந்த வரைபடத்தில்
பகலெல்லாம் மலை, ராத்திரியெல்லாம் பள்ளம்.
‘இரவில் கவனம் குறைகிறது’ என்று ஒரு வரி.
அந்தப் பள்ளத்துக்குள்ளே
ஒரு கிழவரின் இடது கால் இருப்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கேள்வி ஏழுக்கு
‘லாரி நின்றால்’ என்று தட்டினேன்.
இன்னும் விரிவாக எழுதுங்கள்
என்கிறது சிவப்பு எழுத்து.

கீழே முதல் இன்ஜின் இருமுகிறது.
ஒரு டம்ளர் பக்கத்து டம்ளரைத் தொடுகிறது.
நான் எழுந்து
டீ போடப் போகிறேன்,
பச்சையாக.