படகுக்குப் பெயர் எழுதப் போனது

எஞ்ஜின் குப்பத்துக்கு என்னைக் கூப்பிட்டது
ஒரு சாண் உயர எழுத்தில் ஒரே ஒரு பெயருக்காக.
எண்ணூர் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம்
சாம்பல் குழாய் வளைகிற இடத்தில் இறங்கி
யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றார் கன்னியப்பன்.
கேட்க வேண்டியிருக்கவில்லை.
இருபத்தாறு வீடு. பாதிக்கு மேல்
பூனைக்கண்.

ஃபைபர் படகு புதுசு.
பக்கத்தில் நடந்த சண்டை புதுசில்லை.
கன்னியப்பன், முழுப்பெயர் ஹேமிஷ் கன்னியப்பன்,
தேசம்மாள் என்று எழுதச் சொன்னார்.
தங்கை ஐலா, மீன்கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே,
அந்த மனுசன் பேரை எழுது என்றாள்.

கதை நான் கேட்காமலே வந்தது.
துறைமுகத்தில் மண் வாரும் கப்பலுக்கு
எஞ்ஜின் பார்க்க வந்தவன் டங்கன் மக்ரே.
ஸ்காட்லாந்தில், எப்போதும் மழை பெய்யும் ஏதோ ஒரு தீவு.
காய்ச்சலில் கிடந்தவனைக்
கப்பல் விட்டுவிட்டுப் போனது.
இறால் விற்கப் போன தேசம்மாள்
விட்டுவிட்டு வரவில்லை.
"அவ்ளோதான் லவ் ஸ்டோரி," என்றாள் ஐலா.
"மீதியெல்லாம் கடன்."

அவன் கொடுத்ததென்று இங்கே மிச்சமிருப்பது
ஒரு முடிச்சு, இரண்டு கெட்ட வார்த்தை,
ஆடிக் கூழை
நின்றுகொண்டே குடிக்கிற பழக்கம்.
ஏனென்று அம்மனுக்கும் தெரியாது.

போன வருஷம் ஒருத்தர் வந்தாராம்,
அதே குலப்பெயர், வெள்ளைத் தாடி.
நம் வம்சத்தின் துணி இது என்று
கட்டம் போட்ட கம்பளியைப் பயபக்தியோடு விரித்தாராம்.
சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும்
குனிந்து தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்களாம்.
லுங்கி.
தண்டையார்பேட்டையில் அவருக்கும் ஒன்று எடுத்தார்கள்,
நூற்றுத்தொண்ணூறு ரூபாய்.
கட்டத் தெரியாமல் மேலே பெல்ட் போட்டுக்கொண்டார்.

பிரஷ்ஷை நனைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.
பெயிண்ட் காயுது, சீக்கிரம் சொல்லுங்க என்றேன்.
சொன்னார்கள், இருவரும் ஒரே சமயத்தில்.
அந்நேரம் பார்த்து அனல்மின் நிலையத்தில் சங்கு.
மக்ரே என்று இங்கே யாரும் சொல்வதுமில்லை,
நாலு தலைமுறை வாயில் உருண்டு
மக்கரை ஆகிவிட்டிருந்தது அது.
காதில் விழுந்ததை எழுதினேன்,
நீலத்தில், வெள்ளை நிழல் கொடுத்து:

அக்கரை.

ஐலாதான் முதலில் வாசித்தாள்.
கூடை இறங்கியது.
டர்பன்டைன் இருக்கு, அழிச்சுத் தர்றேன்,
காசு வேணாம் என்றேன்.
கன்னியப்பன் படகை ஒரு சுற்று நடந்தார்.
எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் நீலம்.
கடலைப் பார்த்தார், பிறகு, தெரியவில்லை ஏன்,
வீடுகளையும்.

"பெரிய ற போட்டிருந்தா
எங்க அண்ணனுக்கு இல்லாத சாமானா ஆகியிருக்கும்,"
என்றாள் ஐலா. "இது இருக்கட்டும்."

தேசம்மாளை உள்பக்கம் எழுதினேன்,
வலை குவிக்கும் இடத்தில், சின்னதாக.
படகில் ஏறினவருக்கு மட்டும் தெரியும்.

ஒரு சொம்பு கூழ் கொடுத்தார்கள், கருவாட்டோடு.
பாதி குடித்த பிறகுதான் கவனித்தேன்,
பின்னால் ஸ்டூல் கிடக்க
நின்றுகொண்டிருந்தேன்.

இன்னும் எழுபது ரூபாய் வரவேண்டும்.
அடுத்த வாரம் ஒரு நடை போகணும்.