மூடிய முதுகு

பதினொன்றரை மணி, பட்டப்பகல்.
எங்கள் வீட்டில் நள்ளிரவு.
போஹ்தான் டிராம் பணிமனையிலிருந்து
ஆறரைக்கு வருவான்,
எத்தனை சோப்புக்கும் போகாத கிரீஸ் வாடையோடு.
கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுப்பான்.
பிர்னோ நகரின் வடக்குக் குன்றில்
எட்டாம் மாடியில் இரண்டே அறை;
நடுவில்
சுவர் என்று பேர் வைத்துக்கொண்ட ஓர் அட்டை.

என் பழைய ஹெட்ஃபோன் பின்புறம் திறந்தது.
காதில் மாட்டியவளுக்கு மண்டபம்.
வலைக்கண் வழியே வெளியேறும் வயலினோ
மெலிந்து, கொசுவாகி,
அட்டையைத் துளைத்துக்கொண்டு போகும்.
தூக்கம் கெடுகிறதா என்று நான் கேட்டதில்லை.
அவனும் சொன்னதில்லை.
கேட்காத கேள்விக்கு நானே பதில் எழுதிக்கொண்டு
மூவாயிரத்து எண்ணூறு கிரவுனை
எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரயிலடிக்குப் பின்னால் கடை.
ஹைனெக் என்ற பையன்
மூன்றை மேசையில் வைத்தான்.
மூன்றுக்கும் முதுகு மூடியிருந்தது.

முதலாவதில் செல்லோவுக்கு ஜலதோஷம்.
வாசித்ததையெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வாசித்தது.
"இளைஞர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றான்.
வாங்கட்டும்.

இரண்டாவது தலையைப் பிடித்த பிடியில்
மூக்குக்கண்ணாடி எலும்பில் இறங்கியது.
சற்றுத் தளர்த்தினேன்.
கண்ணாடிக் காம்பின் தடிமன்தான் சந்து,
அதன் வழியே
இரட்டைப் பாஸ் என்ற யானை
வாலையும் விட்டுவைக்காமல் போய்விட்டது.

மூன்றாவது கனம். நிறம் ஈரச் சிமெண்ட்.
மெத்தை மட்டும் பூனை வயிறு.
எனக்குத் தெரிந்த நால்வர் இசை ஒன்றை,
அதன் மெதுவான பகுதியை, போடச் சொன்னேன்.
ஓர் இடத்துக்காகக் காத்திருந்தேன்:
வியோலா நுழையுமுன் வாசிப்பவர் மூச்சிழுக்கும் இடம்.
இழுத்தார்.
அதற்கும் முன்னால்
அவருடைய நாற்காலி ஒருமுறை முனகியது.
இருபது வருடமாகக் கேட்கும் தட்டு இது.
அந்த நாற்காலியை அன்றுதான் சந்தித்தேன்.

நானூறு கிரவுன் குறைந்தது.
ஹைனெக் மேசையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்,
"டெமோ பெட்டி, மூலை நசுங்கியது" என்று
நசுங்காத பெட்டியைக் கட்டிக் கொடுத்தான்.

வீட்டில் மாட்டியதும் கேட்டது என் ரத்தம்.
எச்சில் விழுங்கினால் அணை திறந்த சத்தம்.
மண்டபம் போயிருந்தது;
நால்வரும் ஓர் அலமாரிக்குள்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து வாசித்தார்கள்.
இரண்டு நாளில் நானும் ஒடுங்கிக்கொள்ளப் பழகினேன்.
தபால்காரர் மணியடித்து அலுத்து
கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்.

நாலாம் நாள்
கண்ணைத் திறந்தால் வாசற்படியில் போஹ்தான்,
தலைமயிர் ஒருபக்கம் நிற்க,
உதடு அசைய.
ஒரு காதை மட்டும் விலக்கினேன்.

"வீட்டில் ஆளில்லையோ என்று எழுந்துவிட்டேன்.
தினமும் எழுந்துவிடுகிறேன்.
அந்தக் கொசு எங்கே, லிபுஷே?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.
ரசீது எங்கே வைத்தேன் என்று யோசித்தேன்.
பிறகு அந்த நாற்காலியை யோசித்தேன்.

மறுநாள் அதே ஹைனெக்கிடம்
தொண்ணூறு கிரவுனுக்கு
ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் குட்டி ஒயர்.
சத்தம் சற்றுக் குறைகிறது, பரவாயில்லை,
குமிழைத் திருகிக்கொள்கிறேன்.
புதியது என் தலையில்.
பழையது, தலை ஏதுமில்லாமல்,
புத்தகத் தட்டில்
அட்டைச் சுவரைப் பார்த்தபடி ஒழுகுகிறது.

அவன் தூங்குகிறான் என்றுதான் நினைக்கிறேன்.
முன்பென்றால் குறட்டை கேட்கும்.