நூற்றியொன்று

முதலில் நான் எழுதியது அவசரக்காரப் பிள்ளை.
ஐந்து நொடிக்கொரு தரம் அடுப்படிக்கு ஓடி
"ஆச்சா?" என்று கேட்கும்.
"இல்லை"யை வாங்கிக்கொண்டு வரும்.
மறுபடி ஓடும்.
ஒன்பது மேசை, மேசைக்கொரு டேப்லெட்,
பன்னிரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை.
பெருக்கிப் பார்த்தேன்:
இருபத்திரண்டாயிரத்து அறுநூற்று எண்பது ஆச்சா.

செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில்
சவரிமுத்துவின் மெஸ்.
பழைய வீடு. முன்பாதி சாப்பாட்டுக்கூடம்,
பின்பாதி அடுப்பு, நடுவே இரண்டடிச் சுவர்.
கட்டியவர் தேக்குக்கு பர்மா வரை யோசித்திருக்கிறார்,
வைஃபைக்கு யோசிக்கவில்லை.

"சர்வர் படுத்துடுச்சு" என்றேன் ஒருநாள்.
"ஜாபரா? இப்பத்தானே இலை போட்டான்"
என்று எட்டிப் பார்த்தார் சவரிமுத்து.

பிறகு ஓட்டத்தை நிறுத்தினேன்.
ஒரே தட்டு.
இனி இந்தக் கதவு சாத்த வேண்டாம்,
எனக்குத் தோன்றும்போது நான் பேசுகிறேன்
உனக்குத் தோன்றும்போது நீ பேசு.
சம்மதமென்றால் அந்தப் பக்கமிருந்து
நூற்றியொன்று என்று வரும்.
எந்த ஊர்க்காரர் வைத்த எண்ணோ,
மொய் எழுதிப் பழகிய கை.
நூறோடு நிறுத்தினால் கணக்கு முடிந்தது,
ஒன்று சேர்த்தால்
இன்னும் வரப்போக இருக்கிறது.

அப்புறம் அமைதி.
திறந்த கதவின் அமைதி
சாத்திய கதவின் அமைதி மாதிரியே இருக்கும்
என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
இன்வெர்ட்டர் மாறிய ஒரு நொடியில்
நடுவில் எங்கோ அறுந்துபோக,
இரண்டு பக்கமும் பச்சை விளக்கு.
நாலாம் மேசைக்காரர் கேட்ட நண்டு ரசம்
நாற்பது நிமிடம்
எங்கேயும் போய்ச் சேராமல் கொதித்தது.

ஆயிரத்து ஆறு என்றொரு எண் உண்டு.
சொல்லிக்கொள்ளாமல் போனவர்களுக்கானது.
அதுவும் தாமதமாகத்தான் தெரியும்.
அன்றிரவு சேர்த்தேன்:
இருபது நொடிக்கொரு தரம்
இருக்கியா.
இருக்கேன்.
வேறொன்றும் இல்லை, அவ்வளவுதான் பேச்சு.

அடைக்கன் இருபத்து மூன்று வருடமாக
முன்கூடத்துக்கு வந்ததில்லை.
போன இலையைப் பார்த்ததில்லை, திரும்பிய இலையைத்தான்.
அவர் திரையில் இரண்டு பொத்தான் வைத்தேன்:
ஆச்சு. தீர்ந்தது.
கீழே ஒரு வெற்றுக் கட்டம்,
சோதித்துப் பார்க்க நான் போட்டது,
எடுக்க மறந்தது.

புதன்கிழமை ஒன்றே முக்காலுக்கு
ஆறாம் மேசைத் திரையில் வந்து நின்றது:
உப்புக்கறி ஏன் மிச்சம்

கேள்விக்குறி கிடையாது.
மருந்துப் பையோடு தனியாக வந்த பெண்.
திரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.
ஜாபர் மன்னிப்போடு கிளம்புவதற்குள்
ஒரு விரலால் எழுதிவிட்டாள்:
நல்லாத்தான் இருக்கு
நேத்து பல்லு புடுங்கினாங்க

உள்ளே ஒரு கரண்டிச் சத்தம் நின்றது.
நான் கல்லாவுக்குப் பின்னால் லேப்டாப்போடு இருந்தேன்,
இரண்டு வரியும் என் திரையிலும் ஓடின.
ஆறு நிமிடத்தில் ஒரு கிண்ணம் வந்தது,
ஆர்டர் எண் இல்லாமல், பில்லில் ஏறாமல்:
குழைய மசித்த ரசஞ்சோறு,
மேலே ஆறட்டும் என்று விட்ட நெய்.

"கஸ்டமரை அடுப்படி கேள்வி கேக்குறதா,
அந்தக் கட்டத்தை எடுத்துரும்மா" என்றார் சவரிமுத்து.
எடுத்துடறேன் என்றேன்.
அது மூன்று மாதத்துக்கு முன்.

இப்போதெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.
புளி ஜாஸ்தியா.
எந்த ஊரு.
சுறா இன்னைக்குத் தொண்டியிலேர்ந்து வரலை, கோலா சாப்பிடுங்க.
பதில் வராத மேசைகளும் உண்டு,
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெங்காயம் வதக்கப் போவார்.

மூன்றே முக்கால். கூடத்தில் ஆளில்லை.
ஜாபர் பெஞ்சைத் தலைகீழாக்கித் துடைக்கிறான்.
அடுப்பை அணைத்த கையோடு
அடைக்கன் திரையை அணைக்கிறார்.
அதற்கு முன்னால் ஒரு சொல்,
இன்ன மேசைக்கு என்றில்லாமல்.

ஒன்பது திரையிலும் ஒன்றாக எரிகிறது:
வர்றேன்.

என் பதிவேட்டில் ஆயிரம் என்று விழுகிறது,
முறையாக மூடியதற்கான எண்.